பழைய ஓனர் போட்ட லைட், அலாய் வீல், ஆம்ப்: இன்சூரன்ஸ் ரெனியூவலில் சொல்ல வேண்டுமா, அப்படியே விடலாமா?

மலைப்பாதை20 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், ஆர்சி என் பேருக்கு மாறிவிட்டது. 2020 மாடல் ஹேட்ச்பேக், பெட்ரோல், டிஎன் 30 பதிவு. வீடு கன்னங்குறிச்சி, ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை, அதனால் வாரம் ஐந்து நாள் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்க வேண்டும். பழைய ஓனர் வண்டியை ஆசையாக வைத்திருந்தவர். 16 இஞ்ச் அலாய் வீல், ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு, டச் ஸ்கிரீன் செட்டு, டிக்கியில் ஆம்ப்ளிஃபயர், முன்னால் கனமான இரும்பு கிராஷ் கார்டு, இத்தனையும் போட்டிருக்கிறார். பில் ஆம்ப் செட்டுக்கும் வீலுக்கும் மட்டும் இருக்கிறது.

இன்னும் 18 நாளில் இன்சூரன்ஸ் முடிகிறது. ஆன்லைனில் ரெனியூ பண்ணப் போனால் ‘எலக்ட்ரிக்கல் ஆக்சசரீஸ்’ என்ற கட்டத்தில் 0 என்று தானாகவே நிற்கிறது. ஏஜென்டைக் கேட்டேன். “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார், சொன்னா பிரீமியம்தான் ஏறும், அப்படியே அமுக்கிட்டுப் போங்க” என்றார். மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_வாசி எழுதியது:

ஏஜென்ட் சொன்னது சரிதான் சார். நான் 11 வருடமாக அலாய் வீல் போட்டு ஓட்டுகிறேன், ஒரு தடவை பம்பர் கிளைமும் வாங்கினேன், எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை நாமே போய்ச் சொல்வது எதுக்கு?

சூரமங்கலம்காரன் எழுதியது:

அண்ணா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் இன்னொருவருக்கு அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு ஆனது.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் இரவு ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கினேன். பனி மூட்டம். ஹை பீமிலேயே வந்தேன், அதுவும் 100/90 பல்புதான். பாதி மலை இறங்கியிருப்பேன், டயர் எரிவது போல் ஒரு வாடை, அப்புறம் இடது பக்க ஹெட்லைட் அணைந்தது, அடுத்த வளைவுக்குள் பானெட் இடுக்கில் புகை. குழந்தைகளை இறக்கி பாறைப் பக்கமாக நிறுத்திவிட்டு, பின்னால் வந்த பஸ் டிரைவர் கொடுத்த தீயணைப்பு சிலிண்டரால்தான் அணைத்தோம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்க ஒயரிங், ஒரு ஹெட்லைட், பம்பர், பேட்டரி எல்லாம் போச்சு. எஸ்டிமேட் 1,38,000 ரூபாய்.

இன்சூரன்ஸ் சர்வேயர் சேதத்தைப் பார்க்க வந்தார். அதிகம் பேசவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து, தீப்பிடிக்காத வலது பக்க ஹெட்லைட்டின் பின்புறக் கப்பைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய பல்பு ஹோல்டர் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுபட்டு, ஒரு மூலை உருகிச் சொட்டியிருந்தது. பல்பின் அடிப்பாகத்தில் ‘100/90’ என்று பொறித்திருந்ததை விரலால் துடைத்துவிட்டு நாலு போட்டோ எடுத்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தெரிவிக்காத மாற்றம், வண்டியைத் தகுந்த நிலையில் பராமரிக்கவில்லை, கிளைம் நிராகரிப்பு. சீட்டுப் பணத்தை எடுத்து வண்டியை மீட்டேன். மேலே எங்கே போய்க் கேட்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் பல்பு ஜோடி 600 ரூபாய். அதுக்காகத்தான் இவ்வளவும்.

கோரிமேடு_ஒயரிங் எழுதியது:

நான் 17 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், மலை ஏறும் வண்டிகள்தான் அதிகம் வரும். கணக்கைச் சொல்கிறேன். கார் கம்பெனி கொடுப்பது 60/55 வாட், ஹை பீமில் 60, லோ பீமில் 55. 12 வோல்ட்டில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 10. 100 வாட் போட்டால் இரண்டும் சேர்த்து 17 ஆம்பியரை நெருங்குகிறது. ஒயர் அதே ஒயர், ஸ்விட்ச் அதே ஸ்விட்ச், பிளாஸ்டிக் ஹோல்டர் அதே ஹோல்டர். ஊருக்குள் பத்து நிமிஷம் ஓட்டினால் தெரியாது. மலையில் முக்கால் மணி நேரம் ஹை பீமில் இறங்கும்போதுதான் சூடு ஏறி ஹோல்டர் இளகும். ரிலே, தடி ஒயர், செராமிக் ஹோல்டர் போட்டுக் கொடுங்கள் என்று சிலர் கேட்பார்கள். அதெல்லாம் போட்டால் ஹோல்டர் உருகாது, ஆனால் எதிரே வருகிறவன் கண் கூசி வளைவில் உங்கள் மேலேயே வருவான். நான் போட்டுத் தருவதில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று. பனியில் வெளிச்சம் கூடக் கூட எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில் போங்க, பம்பருக்குக் கீழே தாழ்வாக, கம்பெனி கொடுத்த இடத்திலேயே, கப்ளர் வழியாகப் பொருந்தும் ஃபாக் லேம்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஒயரை வெட்டி டேப் சுற்றும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீங்க. சர்வேயர் முதலில் தேடுவது அந்தக் கறுப்பு டேப்பைத்தான்.

ஓய்வு_சர்வேயர் எழுதியது:

கடைசி வரி சத்தியம் தம்பி. நானும் டேப்பைத்தான் தேடுவேன். சேலம், நாமக்கல் பக்கம் 26 வருடம் வண்டிகளைப் பார்த்தவன், இப்போது வீட்டில் இருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆசிரியரே, லைட்டுக்கும் வீலுக்கும் முன்னால் ஒரு கேள்வி. ஆர்சி உங்கள் பேருக்கு மாறிவிட்டது, பாலிசி யார் பேரில் இருக்கிறது? பழைய ஓனர் பேரிலேயே இருந்தால் இன்றைக்கு மரம் விழுந்தாலும் சொந்த சேதத்துக்கு ஒரு பைசா வராது. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு மூன்றாம் நபர் பாதுகாப்பை மட்டும்தான் புது ஓனருக்குத் தானாக மாற்றுகிறது. ஓன் டேமேஜ் பகுதி கம்பெனிக்கு எழுதி, பேர் மாற்றி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தம்) வாங்கினால்தான் உங்களுடையது. 14 நாளுக்குள் எழுத வேண்டும். அதைவிட ஆபத்து, அந்த ஆன்லைன் பக்கத்தில் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத வருடங்களுக்கான தள்ளுபடி) 45 சதவீதம் என்றோ 50 என்றோ கழித்துக் காட்டியிருக்கும். அது பழைய ஓனரின் சொத்து, வண்டியோடு வராது. அதை வாங்கிக்கொண்டு ரெனியூ பண்ணினால் பொய்த் தகவல் கொடுத்து எடுத்த பாலிசி ஆகிவிடும்.

இனி மாற்றங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீங்க. உங்கள் ஆம்ப், டச் ஸ்கிரீன் செட்டு கம்பெனிக்குச் சொன்னால் போதும், ஆர்டிஓவுக்கு அதில் வேலை இல்லை. 2002 மோட்டார் டாரிஃப் (பிரீமியக் கட்டண விதிப் புத்தகம்) காலத்திலிருந்து தனியாகப் போட்ட எலக்ட்ரிக்கல் சாமானுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் என்பதுதான் வழக்கம். 25,000 ரூபாய் செட்டுக்கு வருடத்துக்கு 1,000 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைக் கட்டினால்தான் விபத்தில் செட்டு நொறுங்கினாலோ வண்டியோடு திருடு போனாலோ அதுக்குப் பணம். கட்டத்தில் 0 என்று விட்டால் அந்த சாமானுக்கு 0 தான், அதில் கம்பெனி மேல் குறை சொல்ல வழி இல்லை.

அலாய் வீல் எலக்ட்ரிக்கல் இல்லாத ஆக்சசரி. அதன் மதிப்பை ஐடிவியோடு (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) சேர்ப்பார்கள், சின்னத் தொகைதான் ஏறும். ஆனால் டயர் பக்கச்சுவரில் இருக்கும் நம்பரைப் படித்துச் சொல்லுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹெட்லைட் பல்பும் கிராஷ் கார்டும் வேறு சாதி. அவற்றைச் சொல்லிச் சரிக்கட்ட முடியாது. சட்டத்துக்கு ஒவ்வாததைக் கம்பெனியிடம் தெரிவித்தாலும் அது ஒவ்வாததுதான். அவற்றைக் கழற்றுங்கள்.

மலைப்பாதை20 எழுதியது:

ஐயா, பாலிசி பழைய ஓனர் பேரில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஒரு மாதமாக தினமும் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். ரெனியூவல் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன், 45 சதவீதம் கழித்துத்தான் காட்டுகிறது. இன்றைக்கே எழுதுகிறேன்.

டயர் 195/55 ஆர்16. கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 185/65 ஆர்15, 195/55 ஆர்16 இரண்டும் இருக்கின்றன. என் வண்டி கீழ் வேரியன்ட், 15 இஞ்சோடு வந்தது.

ஓய்வு_சர்வேயர் எழுதியது:

நல்லது. அதே மாடலின் மேல் வேரியன்டுக்குத் தயாரிப்பாளரே கொடுக்கும் அளவு, அதனால் கவலை இல்லை. இரண்டு டயரின் உயரத்தையும் கணக்குப் போட்டால் 1 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, மட்கார்டில் உரசாது. இதே 205 அகலம் போட்டு வளைவில் உரசித் தேய்ந்த டயரோடு வரும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே பேச்சே வேறு.

டயர் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசியில் பணம் இல்லை, வண்டியும் சேர்ந்து அடிபட்டிருக்க வேண்டும், அப்போதும் பாதிதான்.

ஐந்துரோடு_வாசி எழுதியது:

சார், நான் வம்புக்குக் கேட்கவில்லை. என் வண்டிக்கு வயசாகிவிட்டது, ஓன் டேமேஜ் போனால் போகட்டும். மூன்றாம் நபருக்கு எப்படியும் கம்பெனி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அப்புறம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஓய்வு_சர்வேயர் எழுதியது:

நியாயமான கேள்வி. அடிபட்ட குடும்பத்தைக் கோர்ட் கைவிடாது. ஆனால் 150-வது பிரிவில் கம்பெனிக்கு இருக்கும் எதிர்வாதங்களில் ஒன்று, முக்கியமான தகவலை மறைத்து எடுத்த பாலிசி என்பது. கோர்ட் பல வழக்குகளில் என்ன சொல்கிறது என்றால், முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கொடு, பிறகு ஓனரிடம் வசூல் பண்ணிக்கொள். உயிரிழப்பு என்றால் அந்தத் தொகைக்கு மேல்வரம்பு கிடையாது. உங்கள் வீட்டுப் பத்திரம் வரை வந்து நிற்கும். அலாய் வீலுக்காக அப்படி ஆகும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், எஞ்சின், லைட், இவற்றில் கை வைத்துவிட்டு, அதனாலேயே விபத்து என்று ரிப்போர்ட் வந்தால்தான் சிக்கல். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வியே. பின்னால் வந்த லாரி இடித்ததுக்கும் உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் சம்பந்தம் இல்லை, அதைக் காட்டி மறுத்தால் சண்டை போடுங்கள். உங்கள் பம்பர் கிளைம் கேள்வி இல்லாமல் வந்ததும் அதனால்தான்.

சூரமங்கலம் தம்பி, உங்கள் விஷயத்தில் பல்புக்கும் தீக்கும் நேரடித் தொடர்பு இருந்தது, அதனால் முழுத்தொகை வந்திருக்காது. ஆனாலும் நீங்கள் விட்டிருக்க வேண்டாம். சொந்த உபயோக காரை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி கிளைமை அடியோடு மறுத்த வழக்கில், முழு மறுப்பு சரியில்லை, ‘நான்-ஸ்டாண்டர்ட்’ முறையில் (கொஞ்சம் கழித்துக்கொண்டு) ஒரு பங்காவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை பார்ப்பார்கள். கம்பெனியின் முடிவான பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் உதவி எண் 155255.

சூரமங்கலம்காரன் எழுதியது:

ஒரு வருடம் தாண்டிவிட்டது ஐயா. பரவாயில்லை, இதைப் படிக்கிறவர்களுக்காவது உதவட்டும்.

எஸ்டேட்_ஜீப் எழுதியது:

கிராஷ் கார்டு பற்றி நான் சொல்கிறேன். எங்களுக்கு மேலே காப்பி, மிளகு. காட்டெருமை குறுக்கே வரும் ரோடு என்பதால் எல்லா வண்டிக்கும் முன்னால் இரும்பு போடுவது எங்கள் பக்கம் பழக்கம். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கூடாது, நடவடிக்கை எடுங்கள் என்று. அப்போதும் நான் கழற்றவில்லை. அப்புறம் என் மைத்துனர் கார், வாழவந்தி போகும் வழியில் சுவரில் மோதியது. ஏர்பேக் விரியவில்லை. அடி சென்சாருக்குப் போகாமல் இரும்பு வழியாக நேரே சேஸிஸுக்குப் போயிருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள், சேஸிஸ் நுனி வளைந்திருந்தது. மைத்துனருக்கு மூக்கெலும்பு முறிந்தது, அதோடு தப்பினார். அடுத்த நாளே இரண்டு வண்டியிலும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன்.

ஆசிரியரே, அதை வைத்துக்கொண்டு மலை ஏறாதீங்க. 2019 திருத்தத்தில் 182ஏ என்று ஒன்று வந்திருக்கிறது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

அம்மாபேட்டை_தம்பி எழுதியது:

எல்லோரும் சொன்னால் செலவு என்கிறீர்கள். எங்கள் வீட்டில் சொன்னதால் செலவு குறைந்தது. என் அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ, இரண்டு காலும் வராது. கையால் பிரேக், ஆக்சிலரேட்டர் பிடிக்கிற மாதிரி கார் மாற்றி வைத்திருக்கிறோம். மூன்று வருடம் சாதாரண காருக்கான பிரீமியத்தையே கட்டினோம், ‘சொன்னால் பாலிசியே தர மாட்டார்கள்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆர்டிஓவில் காட்டி ஆர்சியில் பதிவு போட்டுக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது, மாற்றுத் திறனாளிக்காக மாற்றிய வண்டிக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது என்று. டாரிஃபிலேயே அதுக்கென்று எண்டார்ஸ்மென்ட் உண்டு, ஐஎம்டி 12. கவுன்டரில் இருந்த அம்மாவுக்கே தெரியவில்லை, நான் நம்பரைச் சொன்ன பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் அவர்களுக்குச் சேர வேண்டியது.

ஓமலூர்_டாக்சி எழுதியது:

இடையில் புகுந்து கேட்கிறேன், நான் வெளியில் சிஎன்ஜி கிட் போடலாம் என்று இருக்கிறேன். அதுக்கும் இதேதானா?

ஓய்வு_சர்வேயர் எழுதியது:

அதில் வரிசை மாறக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற சென்டரில் போட்டு, ஆர்டிஓவில் காட்டி, ஆர்சியில் எரிபொருள் பெட்ரோல், சிஎன்ஜி என்று மாறிய பிறகு கம்பெனிக்கு. தனிக் காருக்கு கிட் மதிப்பில் 4 சதவீதம் ஓன் டேமேஜில், லயபிலிட்டியில் (மூன்றாம் நபர் பகுதி) 60 ரூபாய். இந்த 60 ரூபாயை விட்டுவிட்டு கிளைம் வரும்போது அழுதவர்கள் எனக்கே பலரைத் தெரியும். டாக்சி பாலிசி வேறு, உங்கள் கம்பெனியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை), அந்தச் சான்றிதழை வண்டியிலேயே வையுங்கள்.

மலைப்பாதை20 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 12 நாள் ஆயிற்று, நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாளே கம்பெனி இணையதளத்தில் இருந்த மெயிலுக்கு எழுதினேன், ஏஜென்டுக்கு இல்லை. அப்படியே போடுகிறேன், யாருக்காவது பயன்படும்: “இந்த எண் வாகனத்தை இந்தத் தேதியில் வாங்கி, ஆர்சி என் பெயருக்கு மாறியுள்ளது. பாலிசியை என் பெயருக்கு மாற்றித் தரவும். வாகனத்தில் கீழ்க்கண்ட ஆக்சசரிகள் உள்ளன, பில் நகலும் போட்டோவும் இணைத்துள்ளேன். இவற்றைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் தரவும், ஏதேனும் ஒன்றைச் சேர்க்க இயலாது என்றால் எது, ஏன் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” கடைசி வரி என் மனைவி சேர்க்கச் சொன்னது. அதுக்குத்தான் பதில் சீக்கிரம் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு பையன் வந்து வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்தார். அதுக்கு முன்னாலேயே கோரிமேட்டில் 60/55 பல்பு மாற்றிவிட்டேன். நம் வண்டியிலும் இடது ஹோல்டர் பழுப்பேறித்தான் இருந்தது, ஓரம் லேசாக இளகியிருந்தது. கையில் வாங்கி வைத்திருக்கிறேன், பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடத்தில் காட்டலாம் என்று. கிராஷ் கார்டைக் கழற்றியாயிற்று, பம்பரில் நாலு ஓட்டை இருக்கிறது, அடைத்துக்கொள்ளலாம்.

பேர் மாறி, பழைய ஓனருக்குக் கழித்திருந்த போனஸில், மிச்ச நாட்களுக்கான சின்னத் தொகையைத் திருப்பிக் கட்டினேன். புது பாலிசியில் போனஸ் 0. அந்த 45 சதவீதம் போனது வலிக்கத்தான் செய்கிறது. ஆக்சசரிக்கு மட்டும் ஏறியது இவ்வளவு: செட்டும் ஆம்பும் 25,000 மதிப்புக்கு 1,000, வீலுக்கு 600, ஜிஎஸ்டி 288, மொத்தம் 1,888 ரூபாய். பாலிசித் தாளில் இரண்டும் தனித்தனி வரியில் அச்சாகி வந்திருக்கிறது.

சூரமங்கலம்காரன் எழுதியது:

சந்தோஷம் சார். அந்தத் தாளை செல்போனில் மட்டும் வைக்காமல் பிரின்ட் எடுத்து டேஷ்போர்டிலும் ஒன்று வையுங்கள். மலையில் பாதி இடத்தில் டவர் கிடைக்காது.

மலைப்பாதை20 எழுதியது:

வைத்துவிட்டேன் அண்ணா. பில் நகலோடு, பிளாஸ்டிக் கவரில்.

கோரிமேடு_ஒயரிங் எழுதியது:

ஐயா, வலது பக்க ஹோல்டரையும் ஒரு ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள். பழுப்பேறவில்லை, ஆனாலும் அதே சூட்டில் இருந்தது. பார்க்கக் காசு வேண்டாம்.